இரண்டு மணித் தண்ணீர்

ஓசூர்
5.9.96

மாமாவுக்கு முனிலட்சுமி எழுதுவது.

நீங்கள் வேலைக்கென்று பெங்களூர் பீன்யாவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கிருந்து அங்கே வர இரண்டே இரண்டு பஸ் ஏறினால் போதும். ஏதோ துபாய்க்குப் போனவருக்கு எழுதுவது மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் பூத்துக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டுகிறார். அவர் முன்னால் என்னத்தைப் பேசுவது?

விஷயம் இதுதான். பத்து வருஷம் கழித்து நகராட்சித் தேர்தல் வருகிறது. நம் வார்டைப் பெண்கள் வார்டாக்கிவிட்டார்கள். தானே நிற்கப்போவதாக மார்தட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன், இப்போது தன் சம்சாரம் சரோஜம்மாளை நிறுத்துகிறார். போஸ்டரைப் பார்க்க வேண்டுமே! அந்த அம்மா படம் தபால்தலை அளவு, இவர் படம் ஜன்னல் அளவு.

ஞாயிற்றுக்கிழமை நம் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாதான் ஆரம்பித்தாள். "ஃபேக்டரில சூப்பர்வைசர் கிட்டயே மல்லுக்கு நிக்கறவ, எலெக்சன்ல நிக்க மாட்டியா?"

"அவரு ஊர்ல இல்லாம நான் எப்படிக்கா?" என்றேன்.

"அவரு இல்லாமத்தான ஏழு மாசமா குடித்தனம் பண்ற?" என்றாள்.

சுருக்கென்றது. அந்தச் சூட்டிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். சுயேச்சையாகத்தான். இப்போது நோட்டீஸ் அடிக்க வேண்டும். வார்டுக்கு எது முதலில், எது அப்புறம் என்று எழுத வேண்டும். பத்து வருஷமாக நகராட்சி ஆபீசுக்கு மனு எழுதி எழுதி 'மனு ஆஞ்சப்பன்' என்று பெயர் வாங்கியவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

அப்புறம், எப்போது வருகிறீர்கள்? களி கிண்டினால் இன்னும் இரண்டு பேருக்குத்தான் கிண்டுகிறேன். கை அளவு மாற மாட்டேன் என்கிறது. மிச்சத்தைக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறேன்.

முனிலட்சுமி


பீன்யா, பெங்களூர்
11.9.96

அன்புள்ள முனிலட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். நீ நிற்பது சரிதான். என்னைவிட நீ நின்றால்தான் நாலு பேர் பயப்படுவார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். கவுன்சிலர் என்றால் கல்யாணத்துக்குப் போய் மாலை போட்டுக்கொள்கிறவர் இல்லை. இன்ஜினீயர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறவர். அந்தப் பெஞ்சு எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு கால் ஆடும். அதனால் நகராட்சியால் முடிகிறதை மட்டும் நோட்டீசில் போடு. ரயில் விடுகிறேன், பெரிய ஆஸ்பத்திரி கொண்டுவருகிறேன் என்றெல்லாம் கிருஷ்ணப்பன் போடுவார். அதெல்லாம் நகராட்சி கையில் இல்லை.

என்னைக் கேட்டால் விளக்குத்தான் முதல். சிப்காட் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் லைன் வரைக்கும் பதினாறு கம்பம். நான் கடைசியாக எண்ணியபோது நாலுதான் எரிந்தது. செகண்ட் ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அடுத்தது சாக்கடை. லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்ட கிருஷ்ணப்பன் சாக்கடைக்கு இடம் விடவே இல்லை. அதைச் சரிசெய்யாமல் ரோடு போட்டால் அடுத்த மழையில் ரோடும் சாக்கடையாகிவிடும். ரோடு அப்புறம்தான். ரோட்டை முதலில் போடுகிற கவுன்சிலரை நம்பாதே, கல்வெட்டில் பெயர் போட ரோடுதான் வசதி.

நோட்டீசைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அடி. கன்னட எழுத்து ஓசூர் பிரஸ்ஸில் கிடைக்காவிட்டால் அத்திப்பள்ளியில் கிடைக்கும்.

குடிதண்ணீரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

வருவதற்கு ஆசை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஓசூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இங்கே ரூமில் மூன்று பேர். சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவர் குறட்டை விடுகிறார், அரவை மில் தோற்றது. ஓவர்டைம் வேறு இருக்கிறது.

ஆஞ்சப்பன்


ஓசூர்
19.9.96

மாமாவுக்கு,

ஓவர்டைம் இருக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மெஜஸ்டிக்கில் டீ எப்படிக் கிடைக்கிறது? பொய் சொல்லவும் தெரியவில்லை உங்களுக்கு. அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன். டீ குடிக்க அவ்வளவு தூரம் வந்தவருக்கு மிச்சத் தூரம் வரக் கால் எழவில்லையா?

மனு தாக்கல் பண்ணிவிட்டேன். சின்னம் வாளி கேட்டேன், கத்தரிக்கோல் கொடுத்தார்கள். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் ஆம்பிளைகள் மீசையை மூடிக்கொள்கிறார்கள்.

நீங்கள் எழுதியதை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாமே தீர்மானித்துவிட்டால் எப்படி என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இருநூற்றுச் சொச்சம் வீடு. 'எது முதல்ல வேணும்?' என்ற ஒரே கேள்வி. தெலுங்கு வீட்டில் நீள்ளு என்றார்கள், கன்னட வீட்டில் நீரு என்றார்கள், தருமபுரியிலிருந்து வந்தவர்கள் தண்ணி என்றார்கள். வீட்டு ஆம்பிளை பதில் சொன்ன இடத்தில்தான் ரோடு, விளக்கு எல்லாம் வந்தது.

அவர்கள் கேட்டது கூடுதல் தண்ணீர்கூட இல்லை. நேரம். நம் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடுகிறார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்காரி அப்போதுதான் கேட்டைத் தாண்டுகிறாள், செகண்ட் ஷிப்டுக்காரி அப்போதுதான் உள்ளே போகிறாள். வேலைக்குப் போகிற பொம்பளை ஒருத்திக்கும் கிடைக்காத மாதிரிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். காலைத் தண்ணீர் முழுக்கக் கிருஷ்ணப்பன் தெருவுக்கு. அதனால் நோட்டீசில் முதல் வரியாகக் குழாய் நேரத்தைப் போட்டேன். ஒரு முறை காலை ஒன்பது, மறுமுறை மாலை ஐந்து. விளக்கு இரண்டாவது, சாக்கடை மூன்றாவது. நோட்டீசை இதோடு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

கிருஷ்ணப்பன் ஆட்கள் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். 'புருஷனே வேண்டாம்னு விட்டுட்டுப் போனவ, வார்டை எப்படிக் கட்டிக் காப்பா?' என்று மைக்கில் கேட்கிறார்கள். நமக்குப் பிள்ளை இல்லாததையும் இழுக்கிறார்கள். ஆஞ்சப்பனை ஒருநாள் வரவழைத்து உன் பக்கத்தில் நிறுத்து, ஐம்பது ஓட்டு கூடும் என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டுக்காக வராதீர்கள் மாமா. வந்தால் இருக்க வாருங்கள்.

முனிலட்சுமி


பீன்யா
24.9.96

முனிலட்சுமிக்கு,

நோட்டீஸ் வந்தது. ரூமில் மூன்று பேரும் படித்தோம். 'வேலைக்குப் போகும் பெண்களின் வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லை' என்று அச்சடித்திருக்கிறாய். நம் வீட்டில் எட்டு மாதம் ஆள் இருந்தானே, அவனை மறந்துவிட்டாயா?

ஃபவுண்டரியை மூடியதும் உன் சம்பளத்தில் சாப்பிட்டேன். அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. இரண்டு மணித் தண்ணீருக்குப் பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாற்பது பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பிளையாக நின்றேன். நீ வேலை முடிந்து வரும்போது வீட்டில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. அன்று கிருஷ்ணப்பன் ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏன்டா ஆஞ்சப்பா, சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?" என்றார். குழாயடியே சிரித்தது. சிரிக்கட்டும். ஆனால் அன்றைக்கு ஃபேக்டரியில் கரண்ட் இல்லை என்று ஒரு மணிக்கே உங்களை விட்டுவிட்டார்கள். நீ பஸ்ஸை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தாய்.

நீயும் சிரித்தாய்.

நான் வேலைக்காகப் பீன்யா வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இனிமேல் நினைக்காதே. தண்ணீரை முதலில் போட்டு அந்த நாளை வார்டு முழுக்க ஞாபகப்படுத்திவிட்டாய். நன்றாக ஜெயி.

ஆஞ்சப்பன்


ஓசூர்
29.9.96

மாமா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. பிரசாரத்துக்குக்கூடப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஆமாம், சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் வந்துவிட்டது. நான் மட்டும் சிரிக்காமல் நின்றால் 'பாரு, அவளுக்குச் சுருக்குனு தைக்குது' என்பார்கள் என்று ஒரு பயம். என் புருஷனைவிட அந்தப் பொம்பளைகளின் வாய் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. என்னை என்ன சொன்னால் தகும்? நீங்கள் குடத்தை வரிசையில் அப்படியே விட்டுவிட்டு நடந்தீர்கள். வேலை தேடிப் போகிற ரோஷம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் தெரியும் மாமா. தெரிந்தும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லட்டும் என்று ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன், கல்லுப் பிள்ளையார் மாதிரி.

நேற்று மாரியம்மன் கோயில் பக்கத்தில் கூட்டம். கிருஷ்ணப்பனும் தன் ஆட்களோடு எதிர்க்கடையில் நின்றார். நடுவில் ஒருத்தன், "உன் ஊட்டுக்காரன் எங்கம்மா ஓடிப் போனான்?" என்று கத்தினான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

"என் ஊட்டுக்காரரு ஓடிப் போவல. நாம சிரிச்சி அனுப்பிட்டோம். எனக்காகக் குடம் தூக்கிட்டு நின்ன மனுசனைப் பாத்து நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். இந்த வார்டுலயே வெக்கப்படாம தண்ணி புடிச்ச ஒரே ஆம்பள அவருதான். நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் இதச் சொல்லாம எறங்க மாட்டேன்."

பாப்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கிருஷ்ணப்பன் கடைக்குள் போய்விட்டார். இறங்கும்போது நம் ஆட்களே முகம் சுளித்தார்கள். வீட்டு விஷயத்தைத் தெருவில் கொட்டினால் ஆம்பிளை ஓட்டு ஒன்றுகூட விழாது என்றார்கள். விழாவிட்டால் போகட்டும்.

உங்கள் பச்சைக் குடம் என்னிடம் இருக்கிறது. அன்று பாப்பம்மாதான் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். அடுத்த முறையிலிருந்து நான் ஷிப்டுக்குப் போகும் முன் என் குடத்துக்குப் பின்னால் அதையும் வரிசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நம் குழாயடி வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆனால் குழாய்க்கு வரும்போது ஆள் இல்லாவிட்டால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். என் குடத்தைப் பாப்பம்மா பிடித்து வைக்கிறாள். உங்களுடையது ஒவ்வொரு முறையும் ஓரத்தில்தான் கிடக்கிறது. நான் வந்து வெறும் குடமாக எடுத்துக்கொண்டு போகிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

முனி


ஓசூர்
6.10.96

மாமா,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரை மறித்து மறித்துக் கேட்டதில் அவர் இப்போது சைக்கிளை வேறு சந்து வழியாக விடுகிறார்.

இன்னும் மூன்று நாளில் ஓட்டு. வாக்காளர் பட்டியலில் நம் வீட்டு எண்ணுக்கு நேரே இன்னும் இரண்டு பெயர் இருக்கிறது. 411 முனிலட்சுமி, 412 ஆஞ்சப்பன். பூத் ஏஜெண்டாக உட்காரப்போகிற செல்லி உங்கள் பெயரை அடிக்கட்டுமா என்று கேட்டாள். "அடிச்சே, கையை ஒடிச்சிருவேன்" என்றேன்.

முன்னே எழுதியதைத்தான் மறுபடியும் எழுதுகிறேன். ஓட்டுக்காக வர வேண்டாம். கிருஷ்ணப்பன் வாயை அடைக்க என்று நீங்கள் ஒருநாள் வந்து நின்றுவிட்டு, சாயந்திரம் பஸ் ஏறினால் என்னால் தாங்க முடியாது.

சளிக்கு மிளகு போட்டுக் குடியுங்கள். பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும்.

முனி


ஓசூர்
15.10.96

மாமாவுக்கு,

தோற்றுவிட்டேன். இருபத்தேழு ஓட்டு வித்தியாசம்.

எண்ணி முடித்ததும் கிருஷ்ணப்பனுக்குத்தான் மாலை போட்டார்கள். சரோஜம்மாள் ஓரமாகப் பூத்தட்டை வைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. வெளியே வந்து செல்லியோடு இரண்டு வடை தின்றேன்.

அப்போதுதான் அவள் மடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்து நீட்டினாள். 412-க்கு நேரே டிக்.

"எப்போடி?" என்றேன்.

"நாலரை மணிக்கி வந்தாருக்கா. லைன்ல நின்னு ஓட்டுப் போட்டாரு. எண்ணி முடியற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள்.

பட்டியலை வாங்கி மறுபடியும் பார்த்தேன் மாமா. நான் அப்போது பூத்துக்குப் பின்தெருவில் ஓட்டுப் போடாத வீடுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர். நீங்கள் ஓசூருக்கு வந்து, வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். வரவேண்டாம் என்று எழுதிய கையை எதால் அடிப்பது?

இன்னொன்றும் நடந்தது. நேற்று மத்தியானம் சரோஜம்மாள் நம் வீட்டுக்கு வந்தது. தனியாக, பின்பக்கச் சந்து வழியாக. "நீ ஊடு ஊடாப் போயி எழுதின நோட்டு இருக்குதாமே, குடும்மா. முதல் கூட்டத்துல நான் என்னா பேசறதுன்னே தெரியில. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்" என்றது. கொடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் கொடுத்தேன். எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்று சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் படிக்க வராது. குழாய் நேரத்தை மாற்றாமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பார்ப்போம்.

தேர்தல் முடிந்தது. நான் தோற்றவள். இனிமேல் என்னிடம் ஓட்டுக்கென்று வர ஒருவருக்கும் வேலை இல்லை. இனி நீங்கள் வந்தால் அது இருப்பதற்குத்தான். அதனால் கேட்கிறேன், வாருங்கள் மாமா. நீங்கள் இல்லாமல் எனக்கு ஆகவில்லை.

முனி


பீன்யா
21.10.96

முனிக்கு,

விரல் மை இன்னும் போகவில்லை. சூப்பர்வைசர் கேட்டார், சமையலில் சுட்டுக்கொண்டேன் என்றேன். நீ சொன்ன மாதிரி எனக்குப் பொய் வராது, அவர் நம்பவில்லை.

நீ மைக்கில் பேசியதை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சட்டைப் பையிலேயே இருக்கிறது. பதில் எழுத உட்கார்வேன், எழுத வராது. பத்து வருஷம் மனு எழுதியவனுக்கு நாலு வரி வரவில்லை. அரை நாள் லீவு போட்டு வந்தேன். ஓட்டுப் போட்டுவிட்டு நம் லைன் முனை வரைக்கும் நடந்தேன். வாசலில் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே போயிருப்பேன். ஓட்டுக்காக வந்தவன் ஆகிவிடுவேனே என்று திரும்பிவிட்டேன். உன் பேச்சை ஒரு தடவை கேட்டால் அதுவும் தப்பாகப் போகிறது.

இந்த வேலையை விடவில்லை. இரண்டே இரண்டு பஸ்தானே, தினமும் போய்வருகிறேன். நிறையப் பேர் போகிறார்கள்.

சரோஜம்மாள் நேரத்தை மாற்றும் வரைக்கும் நான் காத்திருக்கப்போவதில்லை. வரும் ஞாயிறு தண்ணீர் முறை நம்முடையது, எண்ணிப் பார்த்துவிட்டேன். பெட்டியோடு வருகிறேன். சேலை எடுத்துத் தருவதாகக் கிருஷ்ணப்பன் சொன்னாரே, நல்லதாகவே எடுத்து வைக்கச் சொல், உனக்கு ஆகும்.

பச்சைக் குடத்தை வரிசையில் வை. அது குழாய்க்கு வருவதற்குள் நான் வந்து நிற்பேன்.

ஆஞ்சப்பன்